சிவக்காத மதுவம்

இந்த நகரத்து ஆய்வுகூடங்களில் இப்போது எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்கிறீர்கள். நான் சேர்ந்த காலத்தில் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. கழுவிக் கவிழ்த்த குடுவைகளோடுதான் பேசினேன். ஓய்வுபெற்று நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருக்கும் என்னிடம், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். தமிழில் எழுதினால் உங்களில் பாதிப் பேர் அம்மாவிடம் கொடுத்துத்தான் வாசிப்பிப்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, அம்மாவும் கேட்கட்டும்.

சாதித்ததைப் பற்றி எழுதப்போவதில்லை. அதற்குப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது நன்றாக வரும். நான் எழுதப்போவது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி.

என் தொழில் மதுவம். பாண் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட். அதை எதற்கு மருத்துவத்துக்கென்று வளர்க்கிறீர்கள் என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. நம் கலங்களுக்குள் இழைமணி என்று ஒன்று இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். உணவிலிருந்து சக்தி எடுத்துத் தருவது. மதுவத்திலும் அது இருக்கிறது. ஆனால் மதுவத்துக்கு ஒரு வசதி. சீனி கிடைத்தால் இழைமணி பழுதானாலும் நொதித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடும். சீனியை எடுத்துவிட்டுக் கிளிசரோலை மட்டும் கொடுத்தால், இழைமணி சரியாக வேலை செய்யும் மதுவம் மட்டுமே வளரும். ஒரு பிள்ளையின் பரம்பரையலகில், அதுதான் ஜீனில், ஒரு விகாரம், ஒரு மாற்றம், இருக்கிறது, அது ஆபத்தானதா, சும்மா கிடப்பதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்றால், அதே விகாரத்தை மதுவத்தில் உண்டாக்கிக் கிளிசரோலில் போட்டுப் பார்ப்போம். வளர்ந்தால் ஒரு பதில், வளராவிட்டால் இன்னொரு பதில்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, பனி உருகத் தொடங்கிய நாட்களில் ஒரு மருத்துவமனையிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்தது. நான்கு வயதுப் பெண்பிள்ளை. ஈரல் செயலிழந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பெயர் தரமாட்டார்கள், ஓர் இலக்கம் மட்டும்தான். இழைமணிக்குள் அதற்கென்றே ஒரு சிறிய டி.என்.ஏ. இருக்கிறது, அதை நகலெடுக்கும் பரம்பரையலகில்தான் அந்தப் பிள்ளைக்கு விகாரம். அது கெட்ட விகாரமென்றால் நோய் ஈரலோடு நிற்காது, மூளைக்கும் போகும். புது ஈரல் வைத்தாலும் பிள்ளை பிழைக்காது. இன்னொரு பிள்ளையைப் பிழைக்கவைக்க வேண்டிய ஈரலும் வீணாகும். கெட்டதில்லையென்றால், ஈரலை மாற்றினால் இந்தப் பிள்ளை எழுந்து நடக்கும். மருத்துவர்கள் மதுவத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பவர்கள் அல்ல. ஆனால் மற்றச் சோதனைகள் இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றன. எங்கள் பதில் விழுகிற பக்கம்தான் தராசு சாயும் என்று பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். பிள்ளையை ஈரல் மாற்றும் பட்டியலில் சேர்ப்பதா இல்லையா என்று அங்கே முடிவாகும்.

இனி இந்தச் சோதனையில் இருக்கும் பள்ளத்தைச் சொல்லவேண்டும். நகலெடுக்கும் பரம்பரையலகு கொஞ்ச நேரம் இல்லாமல் போனாலும் மதுவத்தின் இழைமணி டி.என்.ஏ. தொலைந்துவிடும். தொலைந்தால் தொலைந்ததுதான். பிறகு எவ்வளவு நல்ல பரம்பரையலகைக் கொடுத்தாலும் பிரயோசனமில்லை. நகலெடுக்கிறவரைத் திரும்பக் கூப்பிட்டாலும் நகலெடுக்க மூலப்பிரதி இருக்காது. அதனால் சோதனைக்கு வைத்திருக்கும் தாய் மதுவத்துக்குள் அந்தப் பரம்பரையலகின் ஒரு நல்ல பிரதியைக் காவலுக்கு வைத்திருப்போம். பிள்ளையின் விகாரத்தை உள்ளே வைத்த பிறகுதான் காவலை எடுப்போம். சீனி கலந்த வளர்ப்புத் தட்டில் நீண்ட நாள் கிடந்தால் சில கலங்கள் அந்தக் காவலைத் தாங்களாகவே எறிந்துவிடும். இழைமணியும் போய்விடும். சீனி இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது, சந்தோசமாக வளர்ந்துகொண்டிருக்கும்.

இதற்காகத்தான் எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு கட்டளை இருந்தது. எந்த மதுவத்தையும் உறைபெட்டியிலிருந்துதான் எடுக்கவேண்டும், எடுத்ததும் முதல் இரண்டு நாள் கிளிசரோல் தட்டில் வளர்க்கவேண்டும். இழைமணி செத்தது அங்கேயே நின்றுவிடும். அந்தக் கட்டளையை உறைபெட்டிக் கதவில் எழுதி ஒட்டியவள் நான். மீறியவர்களின் தட்டுகளை அவர்கள் கண்முன்னாலேயே குப்பைப் பையில் போட்டிருக்கிறேன். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் பொலிஸ் என்பார்கள். தெரியும், உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

அந்த முறை அதை மீறியவளும் நான்தான்.

மருத்துவர் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். உறைபெட்டியிலிருந்து தொடங்கினால் இரண்டு நாள் பிந்தும். குளிரறையில் ஒரு மாதத்துக்கு முன் நானே பரப்பிய தாய் மதுவத்தின் சீனித் தட்டு இருந்தது. என் கையால் செய்தது, எனக்குத் தெரியாததா? பற்குச்சியால் ஒரு சுரண்டல் எடுத்துத் தொடங்கிவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பரம்பரையலகு வைத்த மதுவமும் வேண்டுமே. அது இரண்டு கிழமைக்கு முன் வேறொரு சோதனைக்குச் செய்தது கைவசம் இருந்தது. அதையே கொன்ற்றோலாகப் பக்கத்தில் வைத்தேன். கட்டளையை மீறுகிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. கட்டளை பிள்ளைகளுக்கு, முப்பது வருடக் கைக்கு எதற்கு என்று மனதுக்குள் எங்கோ இருந்திருக்கவேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் தட்டை எடுத்துப் பார்த்தேன். நல்ல பரம்பரையலகு வைத்தது கிளிசரோலில் மொத்தமாக வளர்ந்திருந்தது. பிள்ளையின் விகாரம் வைத்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை, துடைத்துவிட்ட மாதிரி. அவ்வளவு தெளிவான தட்டு வருவது அபூர்வம். எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியை ஒரு மாநாட்டுக்காக ஐரோப்பாவில் இருந்தார். அவர் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் எந்த முடிவும் வெளியே போகும். ஆனால் மருத்துவர் எடுத்தபோது, வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எழுத்தில் பிறகு வரும், ஆனால் வளரவில்லை, விகாரம் கெட்டதுதான் என்று சொன்னேன். நாளை பின்னேரம் பெற்றோரைக் கூப்பிட்டு மனதைத் தயார்ப்படுத்துவோம், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முறையாக முடிவெடுப்போம் என்றார். நன்றி சொன்னார்.

தொலைபேசியை வைத்தபோது பக்கத்து மேசையில் அபிரா நின்றாள். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளை, இங்கேயே பிறந்தவள். யூனியன்வில்லில் வீடு. மற்றவர்கள் இருந்தால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், தனியே இருந்தால் அன்ரி. என் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அன்ரி, இந்தக் கொன்ற்றோல் எப்ப செய்தனீங்கள்? சேம் டேயா? சேம் பிளேற்றிலை இருந்தோ எடுத்தது?"

சாதாரணக் கேள்வி. எங்கள் தொழிலில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. நானே எத்தனை பேரை அதைக் கேட்டுக் கலங்கடித்திருக்கிறேன். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நான் உந்த வேலையைத் தொடங்கேக்க நீர் பிறக்கவே இல்லை. உம்மடை தட்டை நீர் பாரும்" என்றேன்.

அவள் தன் மேசைக்குப் போனாள். நான் மேசையைத் துடைத்து, பழைய தட்டுகளையெல்லாம் குப்பைப் பையில் கட்டிவைத்துவிட்டு வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்குப் போனேன். களைப்பு என்று மகளிடம் சொன்னேன். களைப்பில்லை. அபிராவின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் போனேன், அது எனக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை காலை ரயிலில் வரும்போது அந்தக் கேள்வி சப்பாத்துக்குள் புகுந்த கல்லைப் போல உறுத்திக்கொண்டு வந்தது. சேம் டே இல்லை. சேம் பிளேற்றும் இல்லை. இரண்டு மதுவத்தையும் ஒரே நாளில் ஒரே தாயிலிருந்து செய்திருந்தால், தாய் கெட்டுப்போயிருந்தால் இரண்டும் வளராமல் நின்று என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். நான் பழையதை வைத்ததால் அது மட்டும் வளர்ந்து, பிள்ளையின் விகாரம்தான் குற்றவாளி என்று சாட்சி சொன்னது. உண்மையில் என் தாய் மதுவமே இழைமணி செத்ததாக இருந்திருக்கலாம். ரயில் யூனியன் நிலையத்தில் நிற்குமுன்பே எழுந்து கதவடிக்குப் போய்விட்டேன்.

நேரே குளிரறைக்குப் போனேன். தாய்த் தட்டு அங்கே இல்லை. நேற்று நானே எறிந்தது நினைவுக்கு வந்தது. குப்பைப் பைகளை அவித்துக் கிருமி கொல்லக் கொண்டுபோகிறவர் காலை எட்டு மணிக்கே வந்து எடுத்துப் போய்விடுவார். மணி ஒன்பதாகப் போகிறது. வெறும் குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அபிரா உள்ளே வந்தாள். கையில் அந்தத் தட்டு இருந்தது.

"சொறி அன்ரி. நேற்று நீங்கள் போனாப்பிறகு நான் உதைப் பையுக்குள்ளை இருந்து எடுத்து வைச்சனான்."

ஏன் உடனே எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கேட்டனான்தானே" என்றாள். "நீங்கள் ஏசினீங்கள்."

தட்டை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

தட்டை வெளிச்சத்தில் பிடித்தோம். எங்கள் மதுவ இனத்துக்கு ஒரு குணம் உண்டு. இழைமணி வேலை செய்தால் நாள் போகப்போக இளஞ்சிவப்பு நிறம் ஏறும். இழைமணி செத்தது வெள்ளையாகவே கிடக்கும். தட்டின் பெரும் பகுதி சிவந்திருந்தது. கீழ் ஓரத்தில் மட்டும் பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. என் பற்குச்சி சுரண்டிய தடம் அந்த வெள்ளைக்குள் நேராக ஓடியிருந்தது. மேலே இவ்வளவு சிவப்பை விட்டுவிட்டுக் கைக்கு எட்டிய ஓரத்தில் சுரண்டியிருக்கிறேன். அவசரத்தில் தட்டைப் பார்க்கவே இல்லை.

இனித்தான் நான் உங்களுக்குச் சொல்லவந்த இடம். பிழை எல்லோரும் விடுவோம். வெள்ளை என்பது சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. நிறம் சில வேளைகளில் வேறு காரணங்களாலும் ஏறாமல் இருக்கும். முதல் நாள் பின்னேரமே அபிரா அந்த வெள்ளையிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கிளிசரோலில் போட்டு வைத்திருந்தாள். அது வளருமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை காலைதான் சொல்லலாம். கூட்டம் பத்து மணிக்கு. எட்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, பிழையென்று உறுதியானால் அப்போது எடுத்துச் சொல்லலாம். சரியென்று வந்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை. முப்பது வருடப் பெயரும் கெடாது. என் மூளை இதையெல்லாம் எவ்வளவு வேகமாக அடுக்கியது என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நாளைக் காலை வரை பார்ப்போம், அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்லி அவர்களைக் குழப்பக்கூடாது என்று அவளிடம் சொன்னேன். கேட்கப் பொறுப்பான பேச்சு மாதிரித்தான் இருந்தது.

அபிரா தட்டை மேசையில் வைத்தாள்.

"இண்டைக்குப் பின்னேரம் பேரன்ற்ஸோடை கதைக்கினம் எல்லோ அன்ரி. நாளைக்கு நாங்கள் ஷுவர் ஆகேக்க, அவையளுக்குச் சொல்லி முடிஞ்சிடும்."

அந்தத் தாயும் தகப்பனும் என் கணக்கில் அதுவரை வரவேயில்லை. மருத்துவர், பேராசிரியை, கூட்டம், என் பெயர் எல்லாம் வந்தன. அவர்கள் வரவில்லை.

தொலைபேசியை எடுத்தேன். மருத்துவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தகவலை விடுங்கள் என்றார்கள். விடமாட்டேன், அவரைத்தான் கூப்பிடுங்கள், காத்திருக்கிறேன் என்றேன். நெடுநேரம் காத்திருந்தேன். அபிரா பக்கத்தில் நின்றாள், போகவில்லை. அவர் வந்ததும், நேற்று நான் சொன்னதை எடுத்துக்கொள்ளவேண்டாம், சோதனையில் நான் பிழை விட்டிருக்கலாம் என்றேன். அவருக்குப் பின்னால் யாரோ கட்டில் தள்ளிக்கொண்டு போகும் ஓசை கேட்டது.

அப்படியானால் விகாரம் ஆபத்தில்லாததா என்று கேட்டார். அவர் குரலில் இருந்த ஆசையைக் கேட்டபோதுதான் இன்னும் பயமாக இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்றேன். நேற்றுத் தெரியும் என்றீர்களே என்றார். நேற்றுத் தெரியும் என்று நினைத்தேன் என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய ஆங்கிலத்தில் அதுதான் மிகக் கடினமான வசனம். அவருக்குக் கோபம், மறைக்கவில்லை. சரியான பதில் எப்போது வரும் என்றார். முதலிலிருந்து செய்யவேண்டும், எட்டு நாள் என்றேன். பிள்ளைக்கு எட்டு நாள் இருக்குமா என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பிறகு பேராசிரியைக்கு எடுத்தேன். அவர் கத்துகிறவர் அல்ல. தாய் மதுவம் உறைபெட்டியிலிருந்து வந்ததா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மருத்துவமனைக்கு யார் சொல்வது, நீங்களா நானா என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். சரி, மற்றதை வந்து பேசுவோம் என்றார். வந்து பேசினார், அது எனக்கும் அவருக்கும் இடையில்.

வெள்ளிக்கிழமை காலை அபிராவின் தட்டில் ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. நான் சுரண்டியது செத்த மதுவம்தான். முதல் நாள் பெற்றோரோடு பேசவிருந்ததை மருத்துவர் நிறுத்திவிட்டிருந்தார். மருத்துவமனையில் மதுவத்தின் பதில் இல்லாமலேயே கூட்டம் நடந்து, பிள்ளையைப் பட்டியலில் சேர்த்தார்கள். சந்தேகத்தின் பலனைப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள்.

அந்த எட்டு நாள்களைப் பற்றி என்ன சொல்ல. ஈரல் எந்த நேரமும் வரலாம். வந்தால் வெட்டிவிடுவார்கள். விகாரம் கெட்டதாக இருந்தால் அந்தப் பிள்ளை வீணாக வெட்டுப்படும், இன்னொரு பிள்ளைக்குப் போகவேண்டியதும் போய்விடும். நாம் பதறுகிறோம் என்று மதுவம் வேகமாக வளராது. உறைபெட்டியிலிருந்து எடுத்தோம். இரண்டு நாள் கிளிசரோல். ஒரே நாளில், ஒரே தாயிலிருந்து, நல்லதையும் விகாரத்தையும் செய்தோம். நான் ஒரு தொகுதி, அபிரா ஒரு தொகுதி. எது எது என்று தெரியாதபடி அவளுடைய குழாய்களுக்கு வேறொருவரைக் கொண்டு இலக்கம் போட வைத்தேன். அவள் என்னிடம் எதைக் கேட்டாலும் பதில் சொன்னேன், சில கேள்விகளுக்கு இரண்டு முறை. தொலைபேசி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

எட்டாம் நாள் தட்டுகளை அடுக்கி வைத்து இலக்கங்களைப் பிரித்தோம். நல்ல பரம்பரையலகு எல்லாத் தட்டிலும் வளர்ந்திருந்தது. பிள்ளையின் விகாரம் ஒன்றிலும் வளரவில்லை. என் தட்டில் இல்லை, அவள் தட்டிலும் இல்லை. தாய் மதுவம் இந்த முறை முழுவதும் சிவப்பு.

விகாரம் கெட்டதுதான். பிழையான சோதனையில் நான் சொன்ன பதிலே சரியான பதில்.

அபிரா அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, தட்டுகளை மறுபடி எண்ணினேன். ஆய்வுகூடத்தில் ஒருவர், நல்ல மனிதர்தான், என்னைத் தேற்றுவதாக நினைத்து, முதலிலேயே நீங்கள் சொன்னது சரிதானே, வீணாக எட்டு நாள் எல்லோரும் துடித்தோம் என்றார். அவரோடு நான் அன்று பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்த எட்டு நாளும் பெற்றோருக்கு இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துப் பறித்தது நான்தானே என்ற எண்ணம் எனக்கே இருந்தது. அந்த வியாழக்கிழமை தொலைபேசியை எடுக்காமல் இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். உங்களுக்கு ஒளிக்கவில்லை.

பேராசிரியை கையெழுத்து வைத்து முடிவை அனுப்பினார். இரண்டு நாள் கழித்து மருத்துவர் என்னைத்தான் கேட்டு எடுத்தார். பிள்ளையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதுவரை ஈரல் எதுவும் வந்திருக்கவில்லை. பெற்றோரோடு நெடுநேரம் இருந்தாராம். தகப்பன் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார், இதை எத்தனை தரம் பார்த்தார்கள் என்று. மருத்துவர் ஒன்றையும் மறைக்காமல், முதல் தரம் பிழை விட்டார்கள், அதை அவர்களே எடுத்துச் சொன்னார்கள், பிறகு முதலிலிருந்து இரண்டு பேர் தனித்தனியாகச் செய்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

தகப்பன் அதற்குச் சொன்னதை மருத்துவர் எனக்கு அப்படியே சொன்னார். பிழை என்று தாங்களாகவே சொன்ன ஆட்கள் இப்போது இதைச் சொன்னால் நான் நம்புகிறேன், இனி இன்னோர் ஆஸ்பத்திரி என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையமாட்டேன் என்றாராம். அன்று பின்னேரமே அவளை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.